ஆச்சி வீட்டுப் பெட்டி மூன்று நாளாகப் பேசவில்லை

வெள்ளி, காலை 6:52

கலா சித்தி: புதன்கிழமையிலிருந்து "ஆச்சி புறவாசல் கதவைத் திறந்தார்" செய்தி வரவில்லை. ஆச்சிக்கு ஒன்றுமில்லையே?

மீனா அத்தை: நன்றாக இருக்கிறாள். இப்போதுதான் காபி கொடுத்துவிட்டு வந்தேன். கால் வீக்கம்தான் வடியவில்லை.

பெரியப்பா: போன் போட்டுக் கேட்டால் போதாதா? அதற்கு ஒரு பெட்டி.

கலா சித்தி: மணி அடிப்பது அவருக்குக் கேட்பதில்லையே.

செந்தில்: தவறு என்னுடையது. செவ்வாய் இரவு இங்கே சென்னையில் இருந்தபடி பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பாதியில் கல்லிடைக்குறிச்சியில் மின்சாரம் போய்விட்டது. நேற்று இரவுதான் வந்தது. இது ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினி. இதனுள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் நின்றுவிடும். திரும்ப வந்ததும் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பிறகு இணையத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். புது மோடம் போட்டதிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் வருவதில்லை. அதனால் பெட்டிக்கு இன்று புதன்கிழமை. புதுப்பிப்புப் பட்டியலோ வியாழக்கிழமை வெளியானது. "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஏற்க மறுக்கிறது.

பெரியப்பா: சுருக்கமாகச் சொல்.

செந்தில்: தேதி தவறு.

மீனா அத்தை: அம்மாவும் இன்று புதன்தானே என்று கேட்டாள்.

கலா சித்தி: மதினி, அப்பளம் இரண்டு கட்டு சொல்லியிருந்தேன்.

மீனா அத்தை: இந்த ஐப்பசி மழையில் எங்கே காயும்?

செந்தில்: தேதியைக் கையால் மாற்றிவிட்டேன். பட்டியல் வந்துவிட்டது. ஆனால் செவ்வாயன்று பாதியில் நின்ற வேலையை முதலில் முடி என்கிறது. தொடங்கியிருக்கிறேன்.

கலா சித்தி: ஆச்சியைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிடலாம் என்று போன வருடமே சொன்னேன்.

பெரியப்பா: அப்போது யார் வேண்டாம் என்றது?

மீனா அத்தை: அவள்தான். தாமிரபரணித் தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்றாள். மறுபடியும் அந்தப் பேச்சு வேண்டாம்.

செந்தில்: இணைப்பு அறுந்துவிட்டது. முத்து, ஆச்சி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார். எதையும் பிடுங்காதே.

முத்து: வந்துவிட்டேன் அத்தான். சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. பச்சை துடிக்கிறது.

செந்தில்: பச்சை துடித்தால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்கிறது. இப்போது பிடுங்கினால் கார்டு கெட்டுவிடலாம். சிவப்பு அணைகிறது என்றால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. நான் வைத்தது வெள்ளை சார்ஜர், 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அதுதானே இருக்கிறது?

முத்து: இல்லை. கறுப்பு. பழைய போன் சார்ஜர்.

மீனா அத்தை: யார் மாற்றியது?

கலா சித்தி: ?

பெரியப்பா: வெள்ளை என்னிடம் மதுரையில் இருக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது என்னுடையது என்று நினைத்து எடுத்து வந்துவிட்டேன்.

மீனா அத்தை: என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணா.

செந்தில்: பரவாயில்லை பெரியப்பா. மறுபடி உள்ளே நுழைந்துவிட்டேன். இந்த முறை டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட்டுகிறேன். இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே தொடர்ந்து நடக்கும். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும், அவசரப்பட்டேன்.

முத்து: ஆச்சி உங்களிடம் கேட்கச் சொல்கிறார், சாப்பிட்டீர்களா என்று.

செந்தில்: சாப்பிட்டேன் என்று சொல். அவர் கதவைத் திறப்பது தெரிந்தால்தான் எனக்கு இங்கே வேலை ஓடுகிறது.

காலை 9:20

பெட்டி: ஆச்சி புறவாசல் கதவைத் திறந்தார். 9:20

கலா சித்தி: அப்பாடா.

முத்து: துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார்.

செந்தில்: புதுப்பிப்பு முடிந்தது. சார்ஜர் மாறும்வரை இனி எதையும் தொடமாட்டேன். பெரியப்பா, கூரியரில் அனுப்புகிறீர்களா?

பெரியப்பா: கார்த்திகைக்கு நானே வருகிறேன்.

செந்தில்: அதுவரை தாங்குமா தெரியவில்லை.

முத்து: அம்பாசமுத்திரத்தில் கேட்டுப் பார்க்கட்டுமா அத்தான்?

கலா சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். கால் வீக்கத்துக்கு டாக்டரிடம் யார் அழைத்துப் போவது?

மீனா அத்தை: நாளைக்கு முத்துவுக்குப் பரீட்சை.

பெரியப்பா: நாளை காலை பஸ் பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடுவேன். பார்க்கிறேன்.

மீனா அத்தை: வந்தால் சார்ஜரை மறக்காதே அண்ணா.