கட்டைவிரல் மூட்டுவலியோடு சுடுபவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி சரி?

ஹூஸ்டன் சித்தி:

வணக்கம். எனக்கு வயது 61. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். ஒன்பது வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு, திரும்பும் வழியில் தோசை சாப்பிட்டுவிட்டு வருவோம். அவருடைய கிளாக் 19 பிஸ்டல்தான் எனக்கும். ஏழு கஜத்தில் பத்துக்கு ஒன்பதைச் சாசர் அளவு வட்டத்துக்குள் போட்டுவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாரும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருடமாக இரு கையிலும் கட்டைவிரல் அடியில் மூட்டுத் தேய்மானம். ஊறுகாய் பாட்டில் மூடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. போன தீபாவளிக்கு முறுக்கு நாழியை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். ரேஞ்சிலும் அதே கதைதான். சுடும்போது ஒன்றும் தெரியவில்லை, சுடுவதற்கு முன்னால்தான் தொல்லை. பிஸ்டலின் மேல்பகுதியில் நகர்கிற ஸ்லைடைப் பின்னால் இழுக்கக் கை வரமாட்டேன் என்கிறது. தோட்டா அடுக்குகிற மேகசினில் பத்துக்கு மேல் அழுத்தினால் ராத்திரி தூக்கம் போச்சு. எல்லாவற்றையும் அவரே செய்து கொடுக்கிறார். எத்தனை நாளைக்கு அப்படி?

ஒரு கடையில் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸுக்கு இதுதான்" என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரிவால்வரை நீட்டினார். ரேஞ்சில் அதேபோல் ஒன்றை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். ஐந்து ரவுண்டு. ஆறாவது போட மனமில்லை.

சின்னதாக, கைக்கு அடக்கமாக, நானே கையாளும்படி எது இருக்கிறது? 500 டாலர் வரை போகலாம். வீட்டில் பூட்டில்தான் இருக்கும், பேரன்கள் வந்து போகிற வீடு.

லோன்ஸ்டார் தமிழன்:

சித்தி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரிதானே? ரிவால்வரில் இழுக்க ஸ்லைடும் இல்லை, அழுத்தி நிரப்ப மேகசினும் இல்லை. சிலிண்டரில் தோட்டாவைப் போட்டு மூடினால் முடிந்தது. என் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

தோட்டாப்பெட்டி:

தம்பி, உங்கள் அம்மா அதை எத்தனை முறை சுட்டார் என்று ஒருநாள் கேளுங்கள்.

சித்தி, நான் வார இறுதியில் ஒரு ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலராக நிற்கிறேன். உங்களைப் போலக் கைவலியோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரிவால்வரில் ஸ்லைடு இல்லை, உண்மை. ஆனால் அந்தச் சிரமம் எங்கும் போய்விடவில்லை, ட்ரிகருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு நீண்ட இழுவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்றவற்றில் அது பத்து பவுண்டுக்கு மேல். எடையோ 400 கிராமை ஒட்டித்தான், உள்ளே போவது .38 ஸ்பெஷல் தோட்டா. துப்பாக்கி எடை குறையக் குறைய உதைப்பை வாங்கிக்கொள்வது உங்கள் கைதான். சின்ன கைக்குச் சின்ன துப்பாக்கி என்பது கடைக் கவுண்டரில் மட்டும் செல்லுபடியாகிற கணக்கு. சரி, .22 ரிவால்வர் வாங்கலாம் என்றால் அதில் வேறு வினை. விளிம்பில் அடித்து வெடிக்க வேண்டிய தோட்டா என்பதால் ஹேமர் பலமாக அடிக்க வேண்டும். ருகர் எல்சிஆரிலேயே .22 மாடலின் ட்ரிகர் .38 மாடலைவிடக் கடினம்.

நீங்கள் பார்க்க வேண்டியது .380 தோட்டா போடுகிற பிஸ்டல். உங்கள் கிளாக்கில் போடுகிற 9 எம்எம் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, .380க்கு 21,500தான். அழுத்தம் குறைந்தால் ஸ்லைடைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங் இளக்கமாக இருந்தாலே போதும். ஆனால் .380 என்று எழுதியிருக்கிற எல்லாமே இளகும் என்று நம்பிவிடாதீர்கள். வால்தர் பிபிகே போன்ற பழைய வகையில் பேரலும் (குழாய்) ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்க வேண்டும். அதனால் அந்த ஸ்பிரிங் உங்கள் கிளாக்கையே சாது என்று சொல்ல வைக்கும். பூட்டிக்கொள்ளும் வகையாகப் பாருங்கள்.

அதில் எனக்குத் தெரிந்து இரண்டு. 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈஸி. இந்த மாதிரிக் கைகளை மனதில் வைத்தே செய்தது. எட்டுத் தோட்டா மேகசின், எடை 525 கிராம் அளவு. ஸ்லைடின் பின்பக்கம் பிடிப்பதற்கு வாகாகக் கொஞ்சம் விரிந்திருக்கும். மேகசின் பக்கவாட்டில் ஒரு குமிழ், அதைக் கீழே இழுத்துப் பிடித்தபடி தோட்டாவைப் போட்டுக்கொண்டே போகலாம். பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பட்டை உண்டு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும், பிடி தளர்ந்தால் சுடாது. அதை நீங்களே பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று 2023இல் வந்த ருகர் செக்யூரிட்டி 380. அதில் 15 தோட்டா, எடை கொஞ்சம் கூட.

ஸ்லைடையே இழுக்க முடியாத கை என்றால் பெரெட்டா டாம்கேட் இருக்கிறது, .32. ஒரு நெம்பைத் தள்ளினால் பேரலின் பின்முனை மேலே தூக்கிக்கொள்ளும், தோட்டாவை நேரே உள்ளே வைத்து மூடிவிடலாம். அழகான யோசனை. உங்கள் நிலை அந்த அளவுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். ருகர் எல்சிபி மேக்ஸ் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். 300 கிராம், பையில் போட நன்றாக இருக்கும், சுட நன்றாக இருக்காது.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம். ஸ்லைடைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுக்கிறீர்களா? அதுதான் உங்கள் மூட்டைக் கொல்கிறது. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நான்கு விரலால் பற்றி, துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுக்க வேண்டாம், தள்ளுங்கள். தோள் வேலை செய்யும், விரல் செய்யாது. அப்போது பேரல் வாய் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும், பக்கவாட்டில் திரும்ப வேண்டியது உங்கள் உடம்புதான். கை பேரல் வாய்க்கு முன்னால் போகக் கூடாது. இரண்டாவது, அப்லூலா என்று மேகசின் நிரப்புகிற பிளாஸ்டிக் கருவி ஒன்று. அதை வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள்.

கோயம்புத்தூர்க்காரன்:

நடுவில் நுழைகிறேன். 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்று .32 ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. அரைக்கிலோ, அப்போதைய விலை 1.2 லட்சம் ரூபாய்க்கு மேல். பெண் என்றால் எடை குறைந்த ரிவால்வர் என்ற கணக்கு இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான் போல. இங்கே லைசென்ஸ் கிடைப்பதற்குள் கைவலி தோள்வரை ஏறிவிடும், அது வேறு விஷயம்.

புதுவரவு:

தோட்டாப்பெட்டி அண்ணா, நான் எச்1பி விசாவில் ஆஸ்டினில் இருக்கிறேன். டெக்சஸில் 2021 முதல் பெர்மிட் இல்லாமலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, நானும் வாங்கலாமா?

தோட்டாப்பெட்டி:

தம்பி, அது மாநிலச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்கவே தகுதி உள்ளவர்கள் கையில் எடுத்துப்போவதைப் பற்றியது. மத்தியச் சட்டப்படி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே விதிதான், நண்பர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஹூஸ்டன் சித்தி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணா சொன்ன வரிசைப்படியே செய்தேன்.

முதலில் அப்லூலா. வந்த அன்றே கிளாக் மேகசினில் 15 தோட்டாவையும் போட்டேன், கட்டைவிரல் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடம் பட்ட பாட்டை நினைத்தால் கோபம்தான் வந்தது. பிறகு அந்தத் தள்ளுகிற முறை. முதல் நாள் கிளாக்கின் ஸ்லைடை நானே பின்னால் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் கைதட்டினார், பக்கத்து வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஆறாவது ஏழாவது தடவையில் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்தது. வித்தை தெரிந்தாலும் ஸ்பிரிங் ஸ்பிரிங்தான்.

அடுத்த சனிக்கிழமை ஷீல்டு ஈஸியும் செக்யூரிட்டி 380உம் வாடகைக்கு எடுத்தோம். இரண்டின் ஸ்லைடும் எனக்கு வருகிறது. எது இளக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஈஸி என்றுதான் சொல்வேன், ஒரு நூல் வித்தியாசம். ருகரில் 15 தோட்டா என்பது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி நான்கைந்தைக் கருவி இல்லாமல் என்னால் போட முடியாது, கருவியை மறந்துவிட்டு ரேஞ்சுக்குப் போகிற ஆள் நான். ஈஸியில் அந்தக் குமிழைக் கீழே பிடித்துக்கொண்டால் எட்டையும் பருப்பு பொறுக்குவதுபோல் போட்டுவிடலாம். பிடியின் பின்னால் இருக்கிற பட்டையைப் பற்றி நீங்கள் பயமுறுத்தியிருந்தீர்கள். 50 ரவுண்டில் ஒருமுறைகூட அழுத்தத் தவறவில்லை. என் வலி கட்டைவிரலில், உள்ளங்கை நன்றாகத்தான் இருக்கிறது.

இதே மாடல் 9 எம்எம்மிலும் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் இழுத்தார், வீட்டில் பெட்டி பெட்டியாக அந்தத் தோட்டா கிடக்கிறது பாருங்கள். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, .380 தோட்டா விலை கூடத்தான். ஆனால் கை யாருடையது?

கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி உள்ளது, இல்லாதது என இரண்டு வகை வைத்திருந்தார்கள். இல்லாததை எடுத்தேன். பேரன்கள் இருக்கிற வீட்டில் இப்படியா என்று மகன் போனில் சண்டை. துப்பாக்கியிலுள்ள நெம்பை நம்பி நான் குழந்தைகளை வளர்க்கவில்லை, அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் என்றேன். அந்தப் பெட்டியையும் மாற்றினோம். பழையதில் சாவியைத் திருகினாலே உயிர் போகும், இப்போது நான்கு பொத்தான் அழுத்துகிற வகை.

லோன்ஸ்டார் தமிழன்:

சித்தி, அம்மாவிடம் கேட்டேன். வாங்கிய அன்று இரண்டு ரவுண்டு சுட்டாராம், அதற்கப்புறம் தொடவே இல்லையாம். அந்த 9 எம்எம் ஈஸி இங்கே ஒருவர் பழையது விற்கிறார், பார்க்கலாமா?

தோட்டாப்பெட்டி:

அம்மாவை முதலில் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் .380 ஈஸி, 9 எம்எம் ஈஸி இரண்டையும் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், அவரே சொல்வார். பழைய 9 எம்எம் ஈஸி வாங்குவதாக இருந்தால் சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்தவற்றை ஹேமர் சோதனைக்காக அந்த நவம்பரில் திரும்ப அழைத்தார்கள்.

சித்தி, 50 ரவுண்டுக்குப் பிறகு கை எப்படி?

ஹூஸ்டன் சித்தி:

வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தேன், சரியாகிவிட்டது. இனி 40உடன் நிறுத்திக்கொள்வேன். அப்லூலாவை இப்போது வீட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார், இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். முறுக்கு நாழிக்கும் இப்படி ஏதாவது ஒரு கருவி இருந்தால் சொல்லுங்கள்.