கலைச்சொல்: கர்ப்பகால மலேரியா – ‘இடைவிட்ட தடுப்புச் சிகிச்சை’ பொருந்துமா?

> ‘இடைவிட்ட தடுப்புச் சிகிச்சை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, நம் கலைச்சொல் பட்டியலில் ‘இன்டர்மிட்டன்ட் பிரிவென்டிவ் ட்ரீட்மென்ட்’ என்பதற்கு ‘இடைவிட்ட’ என்று போட்டால், நடுவில் விட்டுப்போனது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் மூன்று மாதம் கழிந்த கர்ப்பிணிக்கு, பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், குறைந்தது ஒரு மாத இடைவெளியில், சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமைன் மாத்திரை மூன்றைச் சேர்த்துக் கொடுத்து, செவிலியர் கண்முன்னாலேயே விழுங்கச் சொல்கிறார்கள். மொத்தம் 1500 மி.கி. சல்ஃபடாக்சின், 75 மி.கி. பைரிமெத்தமைன். பேறுகாலத்துக்குள் மூன்று முறையாவது கொடுத்தாக வேண்டும். தடுப்பூசியில் பழகிப்போன ‘தவணை’ இதற்கும் பொருந்தும்: தவணைத் தடுப்புச் சிகிச்சை.

> தடுப்பு என்றபின் சிகிச்சை எதற்கு? ‘தவணைத் தடுப்பு மருந்து’ போதாதா?

போதாது. ரத்தப் பரிசோதனை முடிவு எதுவானாலும் சிகிச்சைக்குரிய முழு அளவைத்தான் கொடுக்கிறார்கள். மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒட்டிப் பதுங்கிக்கொள்ளும்; விரல்நுனி ரத்தத்தில் தென்படாமலே போகலாம். இருப்பதை அழிப்பது, அடுத்த சில வாரங்கள் புதிதாகத் தொற்றாமல் காப்பது என்று வேலை இரண்டு.

> ‘தவணைத் தடுப்புச் சிகிச்சை’ சரி. ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘மருந்துக்கு மசியாமை’ என்கிறேன். ‘நோயெதிர்ப்பு’ நல்லது, ‘மருந்தெதிர்ப்பு’ கெட்டது என்றால் மாணவர் குழம்புவார்.

மசியாமை காதுக்கு இனிமைதான் அம்மா, ஆனால் அடியோடு பலனில்லை என்றாகிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஐந்து மரபணு மாற்றங்கள் சேர்ந்த ஒட்டுண்ணி பரவிய பிறகும் இந்த மருந்து குழந்தையின் பிறப்பு எடையைக் காக்கிறது. தொற்றைத் தடுக்கும் நாள்கள்தான் சுருங்குகின்றன. சல்ஃபடாக்சின் குறிவைக்கும் நொதிக்கான டி.எச்.பி.எஸ். மரபணுவின் 581ஆம் இடத்தில் ஆறாவது மாற்றமும் சேர்ந்த வடகிழக்குத் தான்சானியா போன்ற பகுதிகளில்தான் நிலைமை மோசம். கூடக்குறைய இருக்கக்கூடிய ஒன்றுக்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்பதே ஏற்றது. ‘பகுதி மருந்தெதிர்ப்பு’ என்பதை ஆர்ட்டிமிசினின் என்ற இன்னொரு மலேரியா மருந்துக்கு ஒதுக்கிவைப்போம். அங்கே அதற்குத் தனி வரையறை உண்டு.

‘சிகிச்சைத் தோல்வி’யைத் தனிச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய ஃபோலேட் என்ற உயிர்ச்சத்தைத் தயாரிப்பதைத் தடுத்துத்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. கூடவே தினம் 5 மி.கி. ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மருந்தின் வேகம் மட்டுப்படும், 0.4 மி.கி. என்றால் தொல்லையில்லை. பழி மருந்தெதிர்ப்பின் மேல் விழும், கோளாறு மாத்திரைச் சீட்டில் இருக்கும்.

தவணைத் தடுப்புச் சிகிச்சைக்கு நாம் எழுதிய வரையறையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: எச்.ஐ.வி. காரணமாகக் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. இரண்டிலும் சல்ஃபா வகை மருந்து இருக்கிறது.