மூன்று தலைமுறையாகச் சர்க்கரை, மரபணுப் பரிசோதனை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம், குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 22 வயது, ஒல்லி உடம்பு, போன மாதம் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை 190. அப்பாவுக்கு 25 வயதில் வந்தது, பாட்டிக்கும் சின்ன வயதிலேயே. பொதுவாகப் பல மரபணுக்களின் சிறுசிறு மாற்றங்களோடு எடையும் சாப்பாடும் சேர்ந்துதான் சர்க்கரை வருமாம், ஆனால் இப்படித் தலைமுறை தவறாமல் இளவயதில் வந்தால் ஒரே மரபணுவில் உள்ள கோளாறாகவும் இருக்கலாம், அப்படியென்றால் பிள்ளைகளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்கிறார் டாக்டர். அதில் எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா என்ற மரபணுவில் கோளாறு உள்ள வகை என்று உறுதியானால் பலருக்கு இன்சுலினே வேண்டாம், சல்ஃபோனைல்யூரியா மாத்திரை போதும். தம்பியின் விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திக் கரும்புள்ளி, பார்க்க மனசு தாங்கவில்லை. வேலூர் பக்கம் இந்தப் பரிசோதனையை எங்கே எடுத்தீர்கள், எவ்வளவு ஆனது? அப்பாவுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம்.