மெனியர் தலைசுற்றல்: காதுக்குள்ள எந்த ஊசி?

சிப்புட்_குமார்:
சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல செம்பனைப் பழம் வெட்டுறவர், வயசு 50. இடது காதுல மெனியர் (உள்காது நோய்; தலைசுற்றல் வரும், காதும் மந்தமாகும்). மாசத்துக்கு நாலு தடவை மணிக்கணக்கா சுத்துது, பீட்டாஹிஸ்டின் மாத்திரைக்குக் கேக்கல. ஈப்போவுல காதுக்குள்ள ஊசி போடலாம்னு சொல்லிட்டாங்க. ஜென்டாமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கா, ஸ்டீராய்டா?

வேலன்72:
ஜென்டாமைசின். மில்லிக்கு 40 மில்லிகிராம் மருந்துல அரை மில்லி, செவிப்பறை வழியா நடுக்காதுக்குப் போகும். நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவுல இருக்குற வட்டச் சாளரங்கிற சவ்வுல ஊறி உள்ள இறங்கி, சமநிலை பாக்குற மயிர்ச்செல்களை அடக்கிடும். தப்புத் தப்பா சேதி அனுப்புற காது வாயை மூடிக்கும். ஸ்டீராய்டு தடவிக் கொடுக்குற வேலை.

மாதவி_அக்கா:
தடவிக் கொடுக்குறதா, தம்பி? 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த லண்டன் ஆய்வு: 60 பேர், ரெண்டு வார இடைவெளியில ரெண்டு ஊசி. ரெண்டு வருஷம் கழிச்சு சுற்றல் ஜென்டாமைசின்ல 87 சதவீதம் குறைஞ்சது, மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டுல 90. ஜென்டாமைசின் மாதிரி காது கேக்குறதைப் பணயம் வைக்காமலே! ஜென்டாமைசின் போட்ட சில நாள்ல தள்ளாட்டம் வேற வரும்; மூளை பழக வாரக்கணக்காகும். இவரோ நாள் முழுக்க அண்ணாந்து நீளக் கம்பு தூக்குறவர்.

வேலன்72:
தினம் ஒண்ணுன்னு போட்ட காலத்துலதான் காது அதிகம் போச்சுக்கா. இப்ப ஒண்ணு போட்டுட்டு மாசம் பாத்து, சுத்தினாத்தான் அடுத்தது. ஸ்டீராய்டு பலன் தேய்ஞ்சா மறுபடி போடணும். ஈப்போ போக ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போச்சு.

சிப்புட்_குமார்:
கிளினிக்ல இடுப்புல போடுறாங்களே, அது?

மாதவி_அக்கா:
ஸ்டெமெட்டிலா இருக்கும், 12.5 மில்லிகிராம். அன்னைக்கு வர்ற வாந்தியை அடக்கும், அவ்வளவுதான். அதையே தொடர்ந்து போட்டா மூளை பழகுறது தள்ளிப்போகும்.

காதுக்குள்ள எதைப் போட்டாலும் மருந்து உடம்புச் சூட்டுல இருக்கணும். ஜில்லுனு போட்டா மேசையிலேயே உலகம் சுத்தும். அப்புறம் ஊசி போட்ட காது மேல இருக்க அரைமணி படுக்கணும், எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கினா காதையும் தொண்டையையும் இணைக்குற குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு வடிஞ்சிடும். கையில டிஷ்யூ வச்சுத் துப்பிக்கணும்.

வேலன்72:
அது சரி. ஆனா ஸ்டீராய்டு ரெண்டு போட்டும் நிக்கலைன்னா ஜென்டாமைசினைத் தள்ளிப்போடாதீங்க.

மாதவி_அக்கா:
அப்பவும் வலது காது நல்லா இருக்கான்னு ஆடியோகிராம் (காது கேக்குற சோதனை) எடுத்துட்டுத்தான். தாய்வழிச் சொந்தத்துல ஜென்டாமைசின் மாதிரி ஊசியால செவிடானவங்க உண்டான்னும் கேட்டுடுங்க, குமார். இருந்தா அந்த மருந்தே வேணாம்.