மறு: மர வீடுகளின் ‘ஜெட்டி’க்குத் தமிழ்ச்சொல்

> அகராதியில் ‘படகுத்துறை’ என்றிருக்கிறது, அது பொருந்தாது. ‘கொடுங்கை’ என்றால் போதாதா?

போதாது ஐயா. கொடுங்கை கூரை விளிம்பு. மழைநீரைச் சுவரை விட்டுத் தள்ளி விழச் செய்வதோடு அதன் வேலை முடிந்தது. இங்கிலாந்தின் பழைய மர வீடுகளில் ‘ஜெட்டி’ என்பது கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீளும் மாடித்தளம். அதன் நுனியில் ஒரு சுவரே உட்கார்ந்திருக்கிறது. ‘ஜெட்டி’ என்றே விட்டால் நம்மவர்கள் எதை நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழ்ச்சுவரின் தலையில் ஓடும் உத்திரத்தின் மேல் ஓக் தளக்கட்டைகளைப் படுக்கைவாக்கில் அடுக்கி, நுனிகளைத் தெருப்பக்கம் ஒன்றரை, இரண்டு அடி வெளியே விடுவார்கள். நுனிகளின் மேல் ஓர் அடிச்சட்டம். அதில் மேல்மாடியின் மரக்கால்கள் கழுந்து (துளையில் செருகும் நுனி) வைத்து நிற்கும். யார்க் நகரின் குட்ரம்கேட்டில் 1316-இல் கட்டிய லேடி ரோ வீடுகளில் இதை இன்றும் பார்க்கலாம். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான். சவுத்தாம்ப்டனில் ஜான் ஃபோர்டின் என்ற மது வணிகர் 1290 வாக்கில் கட்டிய வீட்டில் சுவர்கள் கல். தெரு முகப்பு மட்டும் மரம், அங்கேதான் மாடி வெளியே நீள்கிறது.

என் பரிந்துரை: துருத்தல்.

---

> துருத்தல்

வெறும் ‘துருத்தல்’ நாளைக்கே ‘துருத்தி’ ஆகிவிடும் அம்மா; அது கொல்லன் உலைக்கு உரியது. ‘தளத்துருத்தல்’ என்போம். எது துருத்துகிறது என்பதும் தெரிந்துவிடும்.

தெருமுனை வீட்டில் இரண்டு பக்கமும் துருத்த வேண்டும். ஆனால் கட்டைகள் ஒரே திசையில்தான் ஓடும். அதனால் மூலையை நோக்கிக் கோணலாக ஓர் உத்திரம் போட்டு, இரு பக்கத்துக் குட்டைக் கட்டைகளையும் அதில் செருகுவார்கள். ஆங்கிலத்தில் ‘டிராகன் பீம்’ எனப்படும் இதை ‘பறவைநாக உத்திரம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார்! ‘மூலைத்தூலம்’ போதும். அதைத் தாங்கும் மூலைக்கால் தலைகீழாக நட்ட மரம். வேர்ப்பக்கத்துப் பருமன் மேலே வந்து தாங்கியாகிவிடும்.

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். கட்டை நுனியின் வெட்டுமுகம் நீரை உறிஞ்சும். அது இற்றால் அடிச்சட்டம் இறங்கும், மேல் சன்னல்கள் சாயும். பிற்காலத்தில் பல வீடுகளில் துருத்தலுக்கு நேர்கீழே செங்கல் சுவர் எழுப்பி முகப்பைச் சமமாக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் போனால், தெருச்சுவருக்கு இணையாக இரண்டடி உள்ளே ஓர் உத்திரம் தெரியும். அதன் அடியில் பழைய கால்கள் நின்ற காலித் துளைகள் வரிசையாக இருக்கும். அதை ‘நீக்கிய துருத்தல்’ என்று எழுதினால் பிழை. கட்டைகள் அப்படியே உள்ளேதான் இருக்கின்றன. ‘அடைத்த தளத்துருத்தல்’ சரியாக வருமா?