நடிப்புக்கு ஆசிரியர் வைப்பதா, விடுவதா? திருகோணமலையில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி
தம்பிக்கு 21 வயது. பாடசாலை நாடகம், கோயில் திருவிழாக் கூத்து இரண்டிலும் ஆடியவன், கமரா புதிது. ஒரு குறும்படத்துக்கு மூன்று நிமிட ஒடிசன் வீடியோ கேட்டிருக்கிறார்கள், இன்னும் பத்து நாள் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் சூம் வழியாகப் படிப்பிக்கிறார். எட்டு வகுப்பு, முழுக் காசும் முதலே கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

உப்புவெளியிலிருந்து
காசைப் பற்றி யோசிக்க முன்னம் குறை எங்கே என்று பாருங்கள், அதற்கு ஒரு பின்னேரம் போதும். ஒரு பக்க வசனத்தைப் பாடமாக்கச் சொல்லுங்கள். போனைக் கண் உயரத்தில் நிறுத்தி மூன்று தரம் எடுங்கள்: முழு உருவம், இடுப்புக்கு மேல், முகம் மட்டும். பிறகு முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். எதிரே இருப்பவரிடம் இவன் எதைக் கேட்கிறான், கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா என்று தெரியாவிட்டால் அது நடிப்புக் குறை, ஆசிரியர் உதவுவார். அடுத்ததாகப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். வாசிப்பதுபோல இருந்தால் வசனம் இன்னும் வாயில் ஊறவில்லை, அதற்கு ஆசிரியர் வேண்டாம், நாலு நாள் வேண்டும். இரண்டும் சரி, ஆனால் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்றால் அது கமராப் பழக்கம் இல்லாத குறை மட்டும்தான்.

கூத்துப் பிள்ளைகளுக்கு அனேகமாக இந்த மூன்றாவதுதான். களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம், மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, கடைசி வரிசை வரை குரல் போகவேண்டும் என்றுதான் அண்ணாவியார் பழக்கியிருப்பார். போனின் மைக்கோ மூன்று அடியில் இருக்கிறது. "குறைச்சுச் செய்" என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். குரலோடு சேர்த்து உயிரும் இறங்கி, சப்பென்று ஆகிவிடும். உணர்ச்சி வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் மாற்றுங்கள். கமராவுக்கு ஒட்டினாற்போல ஒருவரைக் கதிரையில் இருத்தி, "இவருக்கு மட்டும் கேட்டால் காணும்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தலை ஆடினால் சுவரில் முதுகையும் பின்தலையையும் சாய்த்து நின்று ஐந்து தரம் சொல்லவிடுங்கள். ஆட்டம் அடங்கிவிடும்.

உவர்மலையிலிருந்து
மேலே சொன்னது சரி. ஆசிரியர் தேவைதான் என்று முடிவானாலும் எட்டு வகுப்பைக் கட்டாதீர்கள். மூன்று நிமிட வீடியோவுக்கு இரண்டு வகுப்புப் போதும். முதலாவது பிரதியை உடைத்துப் பார்க்க, மூன்று நாள் கழித்து இரண்டாவது திருத்த. தெரிவானால் மூன்றாவதைப் பிறகு பார்க்கலாம். வகுப்புக்கு வகுப்புக் காசு, அதுவும் வகுப்பு முடிந்த பிறகு. அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் போகத் தேவையில்லை.

முதல் வகுப்பின் முதல் கால் மணித்தியாலத்திலேயே ஆளை அளந்துவிடலாம். நல்லவர் உடனே செய்ய வைப்பார், ஒரு திருத்தம் சொல்வார், திரும்பச் செய்ய வைப்பார். அந்தத் திருத்தம் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். "இன்னும் சோகமாக" என்பது திருத்தமே அல்ல. "அவள் எழும்பிப் போகாமல் மறி" என்றால் உடம்புக்கு வேலை கிடைக்கிறது. சிலர் தாங்களே வசனத்தை நடித்துக் காட்டி, "இப்படிச் சொல்லு" என்பார்கள். வீடியோ நன்றாக வந்துவிடும். ஆனால் நேரில் கூப்பிட்டு, "இதையே சிரிச்சுக்கொண்டு சொல்லு" என்று இயக்குநர் கேட்டால் பிள்ளை நின்றுவிடும், கையில் இருப்பது ஒரே ஒரு அச்சுத்தான்.

வாய்ப்பு நிச்சயம் என்பவர், வகுப்போடு புகைப்பட அல்பம் வாங்கச் சொல்பவர், ஒடிசனுக்கே பதிவுக் கட்டணம் கேட்பவர்: இந்த மூவருக்கும் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

மூதூரிலிருந்து
பாத்திரம் எந்த ஊர் ஆள் என்று கேட்டீர்களா? பேச்சு வழக்குத்தான் தடை என்றால் நடிப்பு ஆசிரியர் தவறான ஆள். எங்கள் பக்கம் "வாறன், என்ன செய்யிறீங்கள்" என்று பழகிய வாய், தமிழ்நாட்டுப் பாத்திரத்துக்கு "வர்றேன், என்ன பண்றீங்க" என்று மாறவேண்டும். சொல்லை மாற்றிவிட்டு இராகத்தை மாற்றாமல் விட்டால் கேட்பவருக்கு உடனே உறுத்தும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் பத்து வரியைக் கொடுத்து, சாதாரண வேகத்தில் ஒருதரம், மெதுவாக ஒருதரம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்குங்கள். வரி வரியாக அவரோடு சேர்ந்தே சொல்லிப் பழகவேண்டும், கேட்டுவிட்டுப் பிறகு சொல்வது போதாது. முஸ்லிம் குடும்பக் கதை என்றால் "வாப்பா, உம்மா" மட்டும் போட்டால் ஆகாது. மூதூர், கிண்ணியா ஆள் ஒருவர் முழு வசனத்தையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

சாம்பல்தீவிலிருந்து, ஒரு அக்கா
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அழுகைக் காட்சி வந்தால் சில ஆசிரியர்கள், "உன் வாழ்க்கையில் நடந்த பெரிய துக்கத்தை நினை" என்று தொடங்குவார்கள். நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பேர்க் அமெரிக்காவில் பிரபலமாக்கிய உணர்வு நினைவுப் பயிற்சியின் வழி அது. அதற்கு மூலமான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் வேறு பக்கம் சாய்ந்துவிட்டார். 1934இல் பாரிஸில் அவரைச் சந்தித்த அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர், கதையின் சூழ்நிலையையும் பாத்திரத்தின் செயலையுமே அவர் முன்வைக்கிறார் என்று திரும்பிப் போய்ச் சொன்னார். அட்லருக்கும் ஸ்ட்ராஸ்பேர்க்குக்கும் அது பெரிய சண்டையாகவே போனது.

எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பாடப்புத்தகச் சண்டை இல்லை. யுத்தம், 2004 சுனாமி என்று எத்தனை வீட்டில் சொல்லாமல் மூடி வைத்த கதை இருக்கிறது. தெரியாத ஒருவர் சூமில் அதைக் கிண்டிவிட்டு, நேரம் முடிந்தது என்று போனை வைத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? முதலிலேயே கேளுங்கள்: "அழுகைக் காட்சியை எப்படிப் பழக்குவீர்கள்?" சூழ்நிலையைப் பற்றி, மூச்சைப் பற்றி, அழாமல் இருக்கப் பாத்திரம் படும் பாட்டைப் பற்றிப் பேசினால் நல்லது. அழுகையை அடக்கப் பார்ப்பதுதான் கமராவில் அழுகையைவிடக் கூடத் தெரியும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றாரில் ஒருவர் அறைக்குள் இருக்கவேண்டும். வளர்ந்தவர்களாக இருந்தாலும் தொட்டுச் செய்யும் பயிற்சிக்கு முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்காதவரிடம் இரண்டாம் வகுப்பு வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து
சூம் என்றால் அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட்" என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கிசுகிசுப்பையும் மூச்சையும் இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும், ஆசிரியர் கேட்காத குரலைத் திருத்திக்கொண்டிருப்பார். சத்தம் பிந்தி வருவதால் இருவர் மாறி மாறிப் பேசும் காட்சி சூமில் சரிவராது. மற்றப் பாத்திரத்தின் வரியை வீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லட்டும், ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வீடியோவுக்கு: போனைக் கிடையாகப் பிடிக்கவும், நெஞ்சுக்கு மேலே சட்டகம், பின்னால் வெறும் சுவர். பார்வை லென்ஸுக்குள் வேண்டாம், ஓரமாக இருப்பவரின் கண்ணில். கடல் பக்க யன்னலில் காலை வெயில் நேரே அடிக்கும், ஆகவே காலையில் மேற்கு யன்னலுக்கு முன் நிற்கவும். மின்விசிறியை நிறுத்தவும். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெளியில் எடுத்தால் மைக்கில் இரைச்சல் தவிர ஒன்றும் மிஞ்சாது. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் கெடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பவும்.

நிலாவெளியிலிருந்து
நேரில்தான் வேண்டும் என்றால் கொழும்பையே ஏன் நினைக்கிறீர்கள்? அது கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், இரண்டு மணி வகுப்புக்கு இரண்டு நாள் போய்விடும். வெருகல் வழியாக மட்டக்களப்பு அதில் பாதித் தூரம்தான். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே நாடகம் படித்தவர்களைக் கிழக்கிலேயே தேடலாம். பக்கத்துப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். மேடைப் பழக்கம் கூடினவராக இருந்தால் மட்டும் உப்புவெளிக்காரர் சொன்ன தூரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூன்று தரமும் எடுத்துப் பார்த்தாச்சு. சத்தமில்லாமல் பார்த்தால் விளங்குகிறது, முகம் மட்டும் எடுத்ததில்தான் புருவம் இரண்டும் கூத்தாடுகிறது. தலைக்குச் சுவர் சரி, புருவத்துக்கு என்ன செய்வது?

உப்புவெளியிலிருந்து
நெற்றியில் கிடையாக ஒரு துண்டு மருந்து டேப் ஒட்டிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். புருவம் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோல் இழுத்து அவனுக்கே தெரியும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் காணும். வீடியோ எடுக்கும்போது கழற்ற மறக்க வேண்டாம்.