பிட்ஸ்பர்கா, கிளீவ்லண்டா? உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

மூணாறு:

அமெரிக்கா வந்து எட்டு வருடம் கிளீவ்லண்ட் பக்கம் இருந்துவிட்டுப் பிட்ஸ்பர்குக்கு மாறியவன். இரண்டும் ஒன்றுதான், இரும்பு வேலை போன ஊர்கள், அங்கே ஏரி, இங்கே மூன்று ஆறு, நடுவில் இரண்டேகால் மணி நேர டர்ன்பைக் சுங்கச்சாலை என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாற்காலி விஷயம் வரைக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். பனியை வெட்டித் தெருவில் தன் வண்டிக்கு இடம் எடுத்தவர், வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். எனக்கு அப்போது தெரியாது. வந்த முதல் ஜனவரி, இரவு பத்து மணி, விரல் விறைத்துவிட்டது, தெரு முழுக்க ஒரே ஒரு இடம். அதில் மஞ்சள் ரெக்சின் போட்ட பழைய சமையலறை நாற்காலி. யாரோ குப்பைக்குப் போட்டது என்று நினைத்தேன், சத்தியமாக. ஓரமாக நகர்த்திவிட்டு வண்டியை விட்டேன்.

காலையில் பார்த்தால் நாற்காலி என் வண்டி பானெட் மேல் நிற்கிறது. நான்கு காலும் ஒழுங்காக. ஒவ்வொரு காலுக்கும் அடியில் துணி மடித்து வைத்திருக்கிறார்கள், பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று!

திட்டினார்களா, சொல்லிக் கொடுத்தார்களா, இன்றுவரை புரியவில்லை. யார் வைத்தது என்றும் தெரியாது. கிளீவ்லண்டில் நாங்கள் இருந்த இடத்தில் வீட்டுக்கு வீடு டிரைவ்வே. பக்கத்து வீட்டுக்காரர் முகமே மே மாதம்தான் தெரியும். என் ஓட்டு பிட்ஸ்பர்குக்கு.

ஏரிக்காற்று:

தம்பி, புறநகரில் குடியிருந்துவிட்டு கிளீவ்லண்டைப் பற்றித் தீர்ப்பு சொல்வது என்ன நியாயம்? டிரெமாண்ட் பக்கம் வந்து பாருங்கள், அங்கேயும் தெருவில்தான் வண்டி, அங்கேயும் மனிதர்கள்தான். பொதுத்தெருவைச் சொந்தமாக்கிக்கொள்வதை நம் ஊரில் செய்தால் ஆக்கிரமிப்பு என்போம். பிட்ஸ்பர்கில் செய்தால் பண்பாடா?

எனக்கு நடந்தது சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியம் சாப்பிட்டுவிட்டு கலை அருங்காட்சியகத்துக்குள் சும்மா நுழைந்தேன். டிக்கெட் கிடையாது, என்றைக்குமே கிடையாது. உள்ளே சோழர் காலத்து நடராஜர். பூ இல்லை, விளக்கு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு சின்னப் பெண் அதே மாதிரி இடது காலைத் தூக்கி நிற்கப் பார்த்து, தொப்பென்று விழுந்து, மறுபடி எழுந்து தூக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று கேட்காதீர்கள். பிட்ஸ்பர்கில் கார்னகி அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மூணாறு தம்பி அங்கே வீடு வாங்குவதாக இருந்தால் சில விஷயம். மலைச்சரிவில் இருக்கிற வீட்டின் ஜன்னல் காட்சியைப் பார்த்து மயங்காதீர்கள். மண் சரிந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு ஒரு காசு தராது. மழைக்குப் பிறகு ஒருமுறை போய், அடித்தளச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசிகிற ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கான சோதனையை விட்டுவிடாதீர்கள், இது இரண்டு ஊருக்கும் பொருந்தும். வரியையும் பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால் சம்பளத்தில் 3 சதவீதம் உள்ளூர் வரி, மாநிலத்துக்கு 3.07 தனி. கிளீவ்லண்டில் 2.5, ஆனால் வேலை பார்க்கிற ஊருக்குக் கட்ட வேண்டும். குடியிருக்கிற புறநகரும் மிச்சத்தைக் கேட்கும், ஊருக்கு ஊர் மாறும், கையெழுத்துப் போடும் முன் விசாரியுங்கள். கிளீவ்லண்டுக்குத் திரும்பி வருவதென்றால் மேற்குப் பக்கம் பாருங்கள். கிழக்கே மென்டர், சார்டன் பக்கம் போனால் ஏரியிலிருந்து வரும் பனி தனிக்கணக்கு. விமான நிலையத்தில் இரண்டு அங்குலம் என்று செய்தியில் சொல்வார்கள், சார்டன்காரர் வாசலில் முழங்கால் அளவு கிடக்கும். விமான நிலையம் என்றதும் ஞாபகம் வருகிறது, இங்கே 1968 முதல் ரயிலே விமான நிலையத்துக்குள் போகிறது. அங்கே இன்னும் பஸ்தான்.

தொண்ணூற்றேழு:

ரயிலும் வரியும் இருக்கட்டும். என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

2024 ஏப்ரல் 8. கிளீவ்லண்டில் முழு சூரிய கிரகணம், கிட்டத்தட்ட நான்கு நிமிடம். பிட்ஸ்பர்கில் 97 சதவீதம். என் தங்கை கிளீவ்லண்டில்தான் இருக்கிறாள், வா வா என்று ஒரு மாதமாகக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர், "97-க்கும் 100-க்கும் என்ன பெரிய வித்தியாசம், டர்ன்பைக்கில் நெரிசலாக இருக்கும்" என்றார். எனக்கும் அன்று மீட்டிங். சரி என்று இருந்துவிட்டேன்.

ஆபீஸ் பார்க்கிங்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். வெயில் சோகை பிடித்த மாதிரி வெளுத்தது, கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். தங்கை போனில் இருந்தாள். "அக்கா, மேற்கே இருட்டு வருது, ஏரி மேல வருது"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். போனில் முதலில் ஜனங்கள் கத்துகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாய் குரைத்தது. நான் ஹலோ ஹலோ என்கிறேன், பதில் இல்லை. கடைசியில் அவள் அழுவது கேட்டது.

கிளீவ்லண்டில் அடுத்த முழு கிரகணம் 2444-ல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் வீட்டுக்காரர் எதையாவது "போதும், இதுவே கிட்டத்தட்ட அதுதான்" என்றால் நான் 97 என்று மட்டும் சொல்வேன், வாயை மூடிக்கொள்வார். எந்த ஊர் உசத்தி என்று கேட்டால், அன்றைக்கு ஒரு நாள் கிளீவ்லண்ட். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜூனில் அங்கே ஏரிக்கொசு மாதிரி ஒன்று கூட்டமாக வந்து சுவரை அப்புமே, கடிக்காது என்பார்கள், வாய்க்குள் போகிறதே!

கும்பகோணத்தான்:

பிட்ஸ்பர்க். ஒரே காரணம், ஃபோர்ட் பிட் சுரங்கச்சாலை.

அப்பா அம்மாவை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருகிறேன், நேரே பென் ஹில்ஸ் பெருமாள் கோவில், அம்மாவின் வேண்டுதல். அப்பா முன் சீட்டில் வாய் திறந்து தூங்குகிறார். சுரங்கம் முடிகிற இடம்தான் உங்களுக்குத் தெரியுமே, ஊர் கண்ணில் படவே படாது, படீரென்று பாலமும் ஆறும் கட்டடங்களும் மொத்தமாக முகத்துக்கு நேரே. அம்மா "ஏங்க, ஏங்க!" என்று அலற, அப்பா விழித்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பாலம் தாண்டிவிட்டோம். "என்னடா, என்ன இருந்தது?" என்றார். சொன்னேன். "திருப்பு" என்றார்.

அந்தப் பாலத்தில் லேன் மாறுவது எப்படி என்று ஊர்க்காரர்களுக்கே தெரியாது. கிரீன் ட்ரீ வரை போய்த் திரும்பி வந்தோம். இரண்டாம் முறை முன்னால் ஒரு லாரி, ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை பார்த்தார். ஒன்றுமே பேசவில்லை, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது புளியோதரை தீர்ந்துவிட்டது. அதுக்கு அம்மா இன்னும் என்னைத்தான் திட்டுகிறாள்.

துருப்பட்டை:

ஊர் எது என்று சண்டை போடுகிறீர்கள், நானும் போட்டவன்தான். கிளீவ்லண்டில் புதிதாக வந்த காலத்தில் எதற்கெடுத்தாலும் "ஆறே எரிந்த ஊர்தானே" என்று கிண்டல் செய்வேன். 1969-ல் கயஹோகா ஆற்றில் எண்ணெய் மிதந்து தீப்பிடித்த கதை, எல்லோரும் சொல்கிற ஜோக்தான். ஒருநாள் முடி வெட்டுகிற கடையில் சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், முகத்தில் பாதி சோப்பு. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஆறு எரிந்தபோது எங்களுக்கு வேலை இருந்தது" என்றார். கோபமே இல்லை. முகச்சவரம் தொடர்ந்தது.

கிளீவ்லண்டில் 1950-ல் ஒன்பது லட்சம் பேருக்கு மேல். 2020-ல் 3.7 லட்சம். பிட்ஸ்பர்க் ஆறே முக்கால் லட்சத்திலிருந்து மூன்று. நாம் குடியேறுகிற வீடெல்லாம் அந்தப் போனவர்களுடையதுதான். அந்த ஜோக்கை அதற்கப்புறம் நான் சொன்னதில்லை. யாராவது சொன்னால் கூடச் சிரிக்கவும் முடியவில்லை.

ஏரிக்காற்று:

துருப்பட்டை சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிட்ஸ்பர்கும் யோக்கியம் இல்லை. புகை தாளாமல் மத்தியானத்திலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் அது. அதை யாரும் ஜோக்காகச் சொல்வதில்லை, ஏன்? மூணாறு தம்பி நான் முதலில் எழுதியதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டு விஷயம் என்ன ஆயிற்று?

மூணாறு:

அண்ணா, நான் வீடு வாங்கப் போகிறேன் என்று எப்போது சொன்னேன்? வாடகை வீடுதான். ரேடானை ஓனர் பார்த்துக்கொள்ளட்டும்.

போன வாரம் நல்ல பனி. முக்கால் மணி நேரம் வெட்டி, கோவில் விழாக்களுக்கு எடுத்துப்போகிற மடக்கு நாற்காலியை முதல் முறையாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அதே நினைப்பு. மாலையில் வந்து பார்த்தால் நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் உட்காரும் பக்கம் தெருவைப் பார்த்து வைத்திருந்தேன், இப்போது வீட்டைப் பார்த்து இருந்தது. அப்படித்தான் வைக்க வேண்டுமா? பிட்ஸ்பர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.